கல்கத்தாவில் கடலடி காட்டப் போனேன்

கடலைப் பார்க்காதவன் கடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதை முகத்துக்கு நேரே சொல்லத்தான் நான் கல்கத்தாவுக்குப் போனேன். போன இடத்தில் வேறொன்றையும் சொல்லும்படி ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். என் தங்கை புருஷன் மிக்கேல் தூத்துக்குடியில் தோணித் தண்டல். தோணிக்குத் தலைவன் தண்டல். சுக்கான் அவன் கையில். கல்கத்தாக் கம்பெனி ஒன்றுக்காகச் சங்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தீவுப் பக்கமிருந்து வந்தவன், பட்டப்பகலில், இளங்காற்றில், கண்ணாடி மாதிரித் தெளிந்த நீரில் தோணியைத் தரைதட்ட விட்டுவிட்டான். தோணி சாய்ந்தது. மூட்டைகள் சரிந்து அவன் கால் முறிந்தது. மிச்ச மூட்டைகள் கடலுக்குள் போயின.

கம்பெனியிலிருந்து கடுதாசி வந்தது. தண்டல் குடித்திருந்தான் என்பது அவர்கள் முடிவு. இல்லை என்றால் யாராவது நேரில் வந்து நிரூபிக்க வேண்டும். வராவிட்டால் நம் கரையிலுள்ள தோணி முதலாளிகள் அத்தனை பேருக்கும் எழுதி, இவன் கையில் இனிமேல் சுக்கான் கொடுக்காதபடி செய்வோம் என்று எழுதியிருந்தார்கள். மிக்கேலுக்குச் சுக்கான் பிடிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. மூன்று பிள்ளைகள். கால் கட்டோடு பாயில் கிடந்தான்.

அதே கடுதாசியின் அடியில் இன்னொன்றும் இருந்தது. அடுத்த பருவத்தில் சங்கு குளிக்கிற ஆட்களுக்கு மேலாளாக என்னை வைக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். ஆகவே சூசை, அதாவது நானே, வந்தால் இரண்டையும் பேசிவிடலாமாம். இருபது வருஷம் கடலடியில் மூச்சுப் பிடித்தவன் நான். மேலாள் வேலை எனக்கு வரவேண்டியதுதான். புறப்பட்டேன்.

ரயிலில் எத்தனை நாள், எங்கே மாறினேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சாந்த்ராகாச்சி என்று ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தி, காரணம் சொல்லாமல் ஒரு முழுக் காலைப்பொழுதும் வெயிலில் போட்டார்கள். சுற்றிலும் தண்டவாளமும் குளமும். குளங்களில் நீர் எது, நிலம் எது என்று தெரியாதபடி பச்சை மூடிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த வங்காளக்காரர் அதைக் காட்டி, அரைகுறைத் தமிழில், "நல்ல குளம், நிறைய மீன்" என்றார். அடி தெரியாத தண்ணீரை நல்ல தண்ணீர் என்று சொல்லுகிற ஊருக்கு வந்திருக்கிறேன் என்று அப்போதே புரிந்துவிட்டது.

ஹௌராவில் இறங்கினால் பாலம் இல்லை. பாலம் படகுகள் மேல் மிதக்கிறது. கப்பல் போவதற்காக நடுவே கழற்றி விலக்கியிருந்தார்கள். மாட்டு வண்டி, குதிரை வண்டி, தலைச்சுமைக்காரர்கள், ஒரு கல்யாணக் கூட்டம், எல்லோரும் கரையில் நின்று கடலை தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது. ஒரு படகில் ஏறினேன். அது நடு ஆற்றுக்குப் போவதற்கு முன்பே சேற்றுத் திட்டில் ஏறி நின்றுகொண்டது.

படகுக்காரன் துடுப்பை வைத்துவிட்டு பீடி பற்றவைத்தான். நீர் ஏறியதும் படகு தானாக மிதக்கும் என்று ஜாடை காட்டினான். இருபது பேர் இருந்தோம். ஒருவர் கூட அவனைக் குடிகாரன் என்று சொல்லவில்லை. ஒரு கிழவர் மட்டும், "நேற்று இன்னும் அந்தப் பக்கத்தில் தட்டினான், இன்று பரவாயில்லை" என்றார் என்று, என்னோடு ஏறிய மதராஸ் சாமான் வியாபாரி மொழிபெயர்த்துச் சொன்னார். இதை நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

தங்க இடம் பவானிபூரில். சங்கரலிங்கம் பிள்ளை என்பவர் அந்தக் கம்பெனியில் குமாஸ்தா, திருநெல்வேலிப் பக்கம். நம் ஊர்க் கடுதாசிகளைப் படித்துச் சொல்லுவதற்காகவே அவரை வைத்திருக்கிறார்கள். ஊரில் என்றால் அவர் வீட்டு வாசலோடு என்னை நிறுத்தியிருப்பார். அதை நான் மறைக்கப் போவதில்லை; அவரும் மறைக்கவில்லை. "இங்கே அதெல்லாம் பாத்தா பேச ஆளிருக்காதுவே, உள்ள வாரும்" என்றார். பின்கட்டில் ஒரு அறை கொடுத்தார். அவர் மனைவி சோறும் புளிக்குழம்பும் போட்டார். நாலு நாள் ரயில் பூரியைத் தின்ற வாய்க்கு அது போதும். ஆனால் மீன் இல்லை.

அந்த வீட்டில் எட்டு வயசில் ஒரு பெண் குழந்தை. தமிழில் கேட்டால் வங்காளத்தில் பதில் சொல்லும். "ஆமி காபோ நா" என்று தட்டைத் தள்ளியது. நான் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தமாம். ஆமி என்றால் நான். அம்மாக்காரி, "இவளுக்கு எல்லாத்துக்கும் முன்னால ஒரு ஆமி வேணும் அண்ணாச்சி" என்றாள்.

பொழுது சாய்ந்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு சங்கு ஊதினார்கள். பெண்பிள்ளைகள் ஊதுகிறார்கள். எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். எதிர்வீட்டுப் பெண் ஊதி முடித்துக் கையை இறக்கினாள். இரண்டு கையிலும் சங்கு வளையல். கட்டின பெண் அது இல்லாமல் இருக்கக் கூடாதாம். நான் எடுத்த சங்காகக் கூட இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒருவன் மூச்சை அடக்கியிருக்கிறான் என்று இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் கம்பெனி. மேசைக்குப் பின்னால் தத்த பாபு என்கிற பெரிய குமாஸ்தா. வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, மடியில் குடை; மழைக்காலம் போய் மாசக்கணக்காகிறது, குடை மட்டும் போகவில்லை. பிள்ளை நடுவே நின்றார். நான் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

தத்த பாபு மிக்கேலின் வாக்குமூலத்தை எடுத்தார். நீர் தெளிவாக இருந்தது, கறுப்பாகத் தெரிந்தது, ஆழம் என்று நினைத்துப் போனேன் என்று மிக்கேல் சொல்லியிருந்தான். பாபு குடையை மேசை மேல் வைத்துவிட்டு இரண்டு விரலை நீட்டினார். கடலில் எவனும் அடியைப் பார்க்க முடியாது. தாம் கங்கை கடலில் விழுகிற கங்காசாகர் போய்க் கடலைக் கண்ணால் கண்டிருக்கிறாராம், அது பழுப்பு. ஆகவே நீர் தெளிவு என்பது பொய். ஒருவேளை தெளிவாக இருந்து அடி தெரிந்தது என்றால், தெரிந்துகொண்டே தரையில் ஏற்றியவன் குடிகாரன். இரண்டில் எதை எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "இவரு பாத்தது கடல் இல்ல, ஆறு கக்கின சேறு. அதப் பாத்துட்டு வந்து எங்கடலுக்கு ஞாயம் சொல்லுதாரு."

பிள்ளை இங்கிலீஷில் என்னமோ நீளமாகச் சொன்னார். தத்த பாபு தலையை ஆட்டி, சிரித்து, எனக்கு வெற்றிலை கொடுக்கச் சொன்னார். நான் வைதால் வெற்றிலை வருமா? வெளியே வந்ததும் பிள்ளையைப் பிடித்தேன். ஐயா அவர்களின் அனுபவம் பெரிது, ஆனாலும் எங்கள் பக்கக் கடல் கொஞ்சம் வேறு என்று இவன் பணிவுடன் தெரிவிக்கிறான், இதைத்தான் அவர் சொன்னாராம்.

"நா சொன்னதச் சொல்லும் பிள்ளைவாள்."

"நீரு சொன்னதச் சொன்னா ரெண்டு பேரும் தெருவில நிப்போம்வே. நா உம்ம வார்த்தைக்குக் கொஞ்சம் எண்ணெ தேய்ச்சு அனுப்புதேன், அவ்வளவுதான்."

மூன்றாம் நாள் காலை குளிக்க ஆற்றுத் துறைக்குப் போனேன். படிக்கட்டு நிறைய ஆட்கள். இந்தத் தண்ணீரின் அடியைப் பார்த்தே தீருவது என்று முங்கினேன். ஒரு பாகம், ஓர் ஆள் ஆழம், இறங்குவதற்குள் வெளிச்சம் செத்துப்போயிற்று. கண்ணைத் திறந்தால் பழுப்பு, பிறகு கறுப்பு. கையை மூக்குக்கு முன்னால் வைத்தேன், கை இல்லை. அடியில் கால் முழங்கால் வரை புதைந்தது. கிளறிய சேறு மேலே வந்து முகத்தை மூடியது.

எங்கள் கடலில் அப்படி இல்லை. மணல் தரையில் ஆறு பாகம், ஏழு பாகம் இறங்கினாலும் வெளிச்சம் இரண்டு பக்கமிருந்து வரும். வெயில் மேலே இருந்து வருகிறது. வெள்ளை மணல் அதை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. கீழே இருந்து தாடைக்கு வெளிச்சம் அடிக்கும். சங்கின் நிழல் கூடத் தெரியும். அதனால் மணல் தரை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மேலிருந்து பார்க்கிறவனுக்குக் கிட்டத்தில் இருப்பது போலத் தோன்றும். புல் முளைத்த தரை வேறு. கடல்புல் வெளிச்சத்தைத் தின்றுவிடும், திருப்பித் தராது. தூசியை அது வேரில் பிடித்து வைத்துக்கொள்வதால் மேலே நீர் கலங்காது. நீர் படு தெளிவாக இருக்கும், அடி கறுப்பாக இருக்கும். இடுப்பளவு நீரும் இருபது பாகம் போலத் தோன்றும். சேற்றுத் தரை மூன்றாவது. காற்று ஒரு நாள் அடித்தால் நாலு நாள் கலக்கல். அங்கே நாங்கள் குளிப்பதே இல்லை. மேலே தண்ணீர் ஒன்றுதான். அதற்கு நிறம் கொடுப்பது தரை.

இதை யோசித்துக்கொண்டு அடியிலேயே கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டேன் போலிருக்கிறது. முதுகில் மூங்கில் கழி குத்தியது. மேலே வந்தால் துறை முழுக்க ஓலம். மதராஸ்காரன் செத்துப்போனான் என்று ஒரு படகுக்காரன் கழியால் துழாவிக்கொண்டிருந்தான். ஒரு அம்மாள் என் தலையில் துணியைப் போட்டுத் துவட்டினாள். ஒரு பெரியவர் வந்து, என்ன தொலைத்தாய், மோதிரமா என்று ஜாடையில் கேட்டார். 

தொலைத்தது இருந்தது. ஈரத்துணியோடு படியில் உட்கார்ந்தபோது அதை இனிமேலும் தள்ளிவைக்க முடியவில்லை.

தோணி தட்டிய இடத்தில் மூட்டை எடுக்க முங்கியவன் நான்தான். பழைய மணல் திட்டு அது. பத்து வருஷத்துக்கு முன்னால் நான் அங்கே குளித்திருக்கிறேன். அப்போது வெள்ளை வெளேரென்று கிடக்கும், தூரத்திலிருந்தே கண் கூசும். அதன் ஓரத்துக் கால்வாய்தான் கறுப்பு, ஆழம். இந்தத் தடவை பார்த்தால் திட்டு முழுக்கப் புல். பிடுங்கிப் பார்த்தேன், வேரோடு அதே வெள்ளை மணல் வந்தது. திட்டு நகரவில்லை, தாழவில்லை. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தது.

அந்த வழியில் மிக்கேல் முதல் தடவை போகப் போகிறான் என்று தெரிந்து, புறப்படும்போது அவனிடம் நான் சொன்னேன்: "வெள்ளையக் கண்டா விலகு, கறுப்புல போ. கண்ண மூடிக்கிட்டுப் போலாம்." அவன் அப்படியே போனான். வாக்குமூலத்தில் என் பெயரைச் சொல்லவில்லை. பாயில் கிடந்தபோதும், "ஒனக்கு மேலாள் வேல வரட்டும் மச்சான், நீ எம்பேருக்கு மட்டும் பேசு" என்றான்.

நான் கொண்டுவந்த எண்ணம் அதுதான். கண் ஏமாறும் என்று காட்டிவிடுவது. கண்ணுக்கு யார் அப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை.

அன்று மத்தியானமே பிள்ளையிடம் சொன்னேன், வாயால் சொல்லி இந்த பாபுவுக்கு ஏறாது, கடலை இங்கே கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று. கம்பெனிக் கிடங்கின் முற்றத்தில் சங்கு கழுவுவதற்கு இரண்டு காரைத் தொட்டிகள் ஒட்டினாற்போல் இருந்தன, மார்பளவு ஆழம். கிடங்குக்குப் பின்னாலேயே சங்கு அறுக்கிறவர்கள் தெரு. பேச்சுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சங்கைக் கால் நடுவே இடுக்கிக்கொண்டு, அரைவட்ட வாளை இரண்டு கையாலும் தள்ளித் தள்ளி அறுக்கிறார்கள். அந்தத் தெருவுக்கே வெள்ளை படிந்திருந்தது. ஆட்களின் புருவம் கூட வெள்ளை. ஒருவர் வாளை நிறுத்தாமலே, உன் சங்கில் புழு ஓட்டை அதிகம் என்று எனக்குக் குறை சொன்னார். எடுத்துப் பாரும் கடலில் போய் என்றேன். இரண்டும் சிரிப்பில் முடிந்தது. ஒரு மூட்டை அறுத்த தூள் கேட்டேன், கொடுத்தார்.

ஒரு தொட்டியின் அடியில் சங்குத் தூளைப் போட்டேன். இன்னொன்றில் செங்கல்லை அடுக்கித் தரையை உயர்த்தி, அதன் மேல் கறுப்புக்காக ஆற்றுச் சேற்றைக் கூடை கூடையாகக் கொட்டினேன். குழாய்த் தண்ணீர் விட்டேன். நம் கரையில் மணலைக் கிளறினால் ஒரு வெற்றிலை மெல்லுவதற்குள் தெளிந்துவிடும். சேறும் ராத்திரிக்குள் படிந்துவிடும் என்று நினைத்தேன். மணல் கரைக்காரன் புத்தி.

நாலாம் நாள் தத்த பாபு குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். ஒரு தொட்டி சுண்ணாம்புப் பால், இன்னொன்று பழுப்புக் கஞ்சி. எதிலும் அடி தெரியவில்லை. தூளில் மாவும் கலந்திருந்திருக்கிறது, நான் கழுவவில்லை. பாபு வங்காளத்தில் ஏதோ சொன்னார், கிடங்கு ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை மொழிபெயர்க்க மாட்டேன் என்றார். வற்புறுத்தினேன். "இதுதான் தூத்துக்குடிக் கடல்னா, நம்ம கங்கையே தேவலாம்னாரு" என்றார்.

இருபது வருஷம் கடலடியில் இருந்தவன் ஒரு தொட்டித் தண்ணீரைத் தெளியவைக்க முடியாமல் நின்றேன். கோபத்தில் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் மீன் சோறு வாங்கித் தின்றேன். இலிஷ் என்று ஒரு ஆற்று மீன், கடுகு அரைத்து விட்டது. ருசியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு மீனுக்குள் ஒரு தைப்புக்கடை ஊசியெல்லாம் இருக்கிறது. பக்கத்து இலையில் பூணூல் போட்ட ஒருவர் பேசிக்கொண்டே, முள்ளை வாயின் ஓரம் வழியாக ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினார். அவர் கை இலைக்கும் வாய்க்கும் தவிர எங்கும் போகவில்லை. கண்ணால் பார்த்து எடுக்கவில்லை அவர், நாக்கால் தேடுகிறார். இந்த ஊர்க்காரர்கள் பார்க்க முடியாத இடத்தில் தொட்டுப் பழகியவர்கள். இந்த ஊர்ப் பெரிய கப்பலிலும் கயிறு போட்டுத்தான் ஆற்றை அளக்கிறார்கள் என்று பிள்ளை சொல்லியிருந்தார். நாங்கள்தான் கண்ணை நம்பிக் கயிற்றைச் சுருட்டி வைத்தவர்கள். இது எனக்குப் பிடிக்காத யோசனை. முள் ஒன்று தொண்டையில் குத்தி அதை நிறுத்தியது.

ஐந்தாம் நாள் சேற்றையும் பாலையும் இறைத்துக் கொட்டினேன். சங்குத் தூளை மூன்று தடவை அலசி, மாவு போய்க் குருணை மட்டும் நிற்கும்படி செய்தேன். கறுப்புக்குப் பழைய படுதா ஒன்று, தார் பூசிக் காய்ந்தது. தேய்த்துக் கழுவி, செங்கல் அடுக்கின் மேல் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களில் கல் வைத்தேன். மறுபடியும் தண்ணீர். பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆபீஸ்ல என்னய இப்பக் கடல் பிள்ளைங்கான். உம்மால வந்த வினைவே" என்றார். ஆனால் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு வாளி தூக்கினார். அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

ஆறாம் நாள் உச்சிவெயில். இரண்டு தொட்டியும் கண்ணாடி. தத்த பாபு சுவரோரம் வந்து நின்றார். எது ஆழம் என்று பிள்ளையைக் கேட்கச் சொன்னேன். இப்படி ஒரு கேள்வியா என்பது போலக் கறுப்பைக் காட்டினார். கிடங்கு ஆட்களையும் கேட்டார். அவர்களும் அதைத்தான் காட்டினார்கள். வெள்ளைத் தொட்டியில் முழங்கால் அளவு இருக்கும் என்றான் ஒருவன்.

"அவரு குடையாலயே அளக்கச் சொல்லும்."

பாபு கறுப்பில் குடையை விட்டார். கை இறக்கத்துக்குத் தயாராகத்தான் விட்டார். ஒரு சாண் போனதும் குடை முட்டி நின்றது, அவர் தோள் குலுங்கியது. திரும்பவும் குத்திப் பார்த்தார். பிறகு வெள்ளையில் விட்டார். குடை முழுக்கப் போயிற்று, கைப்பிடி போயிற்று, கோட்டுக் கை முழங்கை வரை நனைந்தது; அப்போதும் அடி எட்டவில்லை. நான் தொட்டிக்குள் குதித்தேன். மார்பளவு தண்ணீர். காலால் தூளைக் கிளறினேன். தண்ணீர் வெளுத்தது. மூச்சு எண்ணுகிற வழக்கப்படி அருள்நிறைந்த மரியே மூன்று தடவை சொன்னேன். என் கால் விரல் மறுபடி தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்து, எண்ணெய் தேய்க்காமல் சொல்லும் என்றேன். "ஒங்க ஆத்துல தெனம் படகு தட்டுது. அவனக் குடிகாரன்னு ஒருத்தரும் சொல்லல, கண்ணு தெரியாத தண்ணியின்னு விட்டுடுதீங்க. எங்க தண்ணி கண்ணு தெரியும். தெரிஞ்சதுதான் ஏமாத்திச்சு. இப்ப ஒங்களையும் ஏமாத்திச்சு. நீங்க குடிச்சிருக்கீங்களா?"

இந்தத் தடவை பிள்ளை அப்படியே சொன்னார் போலிருக்கிறது. பாபுவின் முகம் கறுத்தது. குடையிலிருந்த நீரை உதறினார். பிறகு, சரி, நான் குடிக்கவில்லை, அவனும் குடித்திருக்க வேண்டியதில்லை என்றார். நான் ஜெயித்தேன்.

தொட்டியை விட்டு ஏறப் போனேன். பாபு கையைக் காட்டி நிறுத்தினார். மூளைக்காரர்தான் அவர், அதை ஒப்புக்கொள்கிறேன். கடலோரத்தில் பிறந்த தண்டலுக்குப் புல்தரையின் கறுப்பு தெரியாதா என்று கேட்டார். தெரிந்தும் போனான் என்றால், அது ஆழம்தான் என்று அவன் முன்கூட்டியே நம்பியிருக்க வேண்டும். எப்படி நம்பினான்? தானாக ஊகித்தானா? ஊகத்தில் ஓட்டுகிற தண்டல் குடிக்காவிட்டாலும் ஆபத்துதான், அவனிடம் சுக்கான் கொடுக்கக் கூடாது. இல்லை, யாராவது வழி சொன்னார்களா?

பிள்ளை இதை எனக்குத் தமிழில் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார்.

மார்பளவு வெள்ளைத் தண்ணீரில் நின்றிருந்தேன். கீழே இருந்து தாடைக்கு வெளிச்சம் அடித்தது. மேலாள் வேலை அந்த பாபுவின் கோட்டுப் பைக்குள் இருக்கிறது. ஊகம்தான் என்று ஒரு தலையசைப்புப் போதும், அது எனக்கு. மிக்கேலுக்குச் சுக்கான் போகும்.

"நாந்தான் சொன்னேன்" என்றேன். "வெள்ளைய விட்டு விலகு, கறுப்புல போன்னு சொன்னது நா. பத்து வருசம் அந்தத் தரையப் பாக்காம சொன்னேன். அவன் எஞ்சொல்லு கேட்டுப் போனான்."

பிள்ளை அதை மொழிபெயர்க்கவில்லை. பாபு, என்ன சொல்கிறான் என்றார். பிள்ளை என் பக்கம் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்: "வேண்டாம்வே. யாரோ கரையில சொன்னாங்கன்னு சொல்லுதேன். பேரு கேக்க மாட்டாரு. ஒம்ம வேலயும் நிக்கும், அவன் வேலயும் நிக்கும்."

நல்ல மனசோடு சொன்னார். யாரோ என்று சொல்லியிருந்தால் ஒருவேளை அதுவே நின்றிருக்கும். ஆனால் யாரோ என்று ஒருவன் இல்லை. அந்த யாரோவின் கால் முறியவில்லை, என் தங்கை புருஷன் கால்தான் முறிந்தது.

எனக்கு அந்தப் பெண் குழந்தையின் வார்த்தை ஒன்றுதான் தெரியும். நெஞ்சில் கையை வைத்து பாபுவைப் பார்த்து, "ஆமி" என்றேன். கறுப்புத் தொட்டியைக் காட்டினேன். மறுபடியும் நெஞ்சைத் தொட்டு, "ஆமி" என்றேன்.

பாபுவுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைக்கு வேறு வழியில்லை, முழுசையும் சொன்னார், எண்ணெய் இல்லாமல்.

ஏழாம் நாள் கடுதாசி கையில் வந்தது. தண்டல் மிக்கேல் மேல் குற்றம் இல்லை, அவனுக்குத் தோணி கொடுப்பதில் கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை என்று இங்கிலீஷில். பிள்ளை இரண்டு தடவை படித்துக் காட்டினார். மேலாள் வேலை பற்றி அதில் ஒரு வரி இல்லை. பாபு வாயால் மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்: "இவன் பொய் சொல்லமாட்டான். ஆனால் பார்க்காததைப் பார்த்தது போலச் சொல்லுவான். சங்கு குளிக்கிற அறுபது பேர் உயிரை இவன் சொல்லுக்கு விட என்னால் முடியாது."

கடுதாசியை மடித்து மடியில் செருகினேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார், அந்தக் குடைக்காரர்.

பிள்ளையின் மனைவி வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். பெண் குழந்தை வாசல் வரை வந்து வங்காளத்தில் ஏதோ சொன்னது. என்ன என்று கேட்டேன். மறுபடி வரும்போது கடலைக் கொண்டுவா என்கிறதாம். ஹௌராப் பாலம் அன்று சேர்ந்திருந்தது. நடந்தே கடந்தேன். நடுவில் நின்று கீழே பார்த்தேன். பழுப்பு. அது ஒன்றையும் காட்டவில்லை, ஒன்றையும் காட்டுவதாகச் சொல்லவும் இல்லை.

ஊர் வந்து கடுதாசியை மிக்கேல் கையில் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவன் கடுதாசியைப் பாய்க்கடியில் வைத்தான். "ஏன் சொன்ன?" என்று மட்டும் கேட்டான். "கேட்டாரு, சொன்னேன்" என்றேன். 

கால் கூடியதும் அவனுக்குத் தோணி கிடைத்தது. முதல் நடைக்கு என்னை ஏறச் சொன்னான். அதே வழி, அதே இளங்காற்று. நான் முன்னால் அணியத்தில் உட்கார்ந்தேன். தூரத்தில் வெள்ளை தெரிந்தது, அதற்கு இப்புறம் கறுப்பு. நீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. ஒரு மீன் நிழலோடு போனது. எந்தப் பக்கம் திருப்ப என்று மிக்கேல் பின்னாலிருந்து கத்தினான்.

நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை எடுத்து உள்ளே இறக்கினேன்.